குடைச் சின்னத்தின் நிழல்

பாத்திப்புதூரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்த சந்தனமாரியைச் சுற்றி ஒரு நிழல் வந்து விழுந்தது. மேகமும் கிடையாது, மரமும் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கீழே உப்பும் மேலே வெயிலும் தவிர அந்த உப்பளத்தில் வேறொன்றும் கிடையாது, அப்படிப்பட்ட இடத்தில், யாரோ பின்னால் நின்று பெரிய குடை ஒன்றை விரித்துப் பிடித்ததுபோல, அவள் காலடியில் வட்டமாக, கரை பிசகாமல் நிழல் கிடந்தது. அவள் நகர்ந்தாள், நிழலும் நகர்ந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. அடுத்த பாத்திக்குத் தாவிப் பார்த்தாள், நிழல் அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

முதலில் அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பதினாறு வயதில் வாருபலகை பிடித்தவளுக்கு இப்போது முப்பத்தெட்டு, இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவளுடைய உச்சந்தலை குளிர்ந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தச் சுகம் நாலு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. முந்தின நாள் பள்ளிக்கூடத்து அட்டை மறைப்புக்குள் நின்றுகொண்டு, இளஞ்சிவப்புச் சீட்டில் குடைச் சின்னத்தின் மேல் முத்திரை குத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது. வாருபலகையைப் போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

ஓட்டுப் போட்டதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம், அவர்களுக்கு ஞானதுரையைத் தெரியாது. பாத்திப்புதூரில் அளம் முதலாளி சீனிராஜுடையது, குடியிருக்கும் லைன் வீடுகள் அவருடையவை, இரண்டு நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் கொண்டுவந்து வாசலுக்கு வாசல் ஊற்றிவிட்டுப் போகும் லாரியும் அவருடையதுதான். தேர்தல் வந்தால் அவருடைய தம்பி நிற்பார், கட்டில் சின்னத்தில் நிற்பார், ஜெயிப்பார். ஓட்டுக்கு முந்தின வாரம் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி வைப்பார்கள், வீட்டுக்கு ஓர் ஆண் வந்து கையால் அதை அடித்து, என் வீட்டு ஓட்டு அத்தனையும் கட்டிலுக்கு என்று சத்தியம் செய்துவிட்டுப் போக வேண்டும். பெண்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் கிடையாது, புருஷன் செய்தால் பெண்டாட்டியும் செய்ததுபோலத்தான். அதற்கும் மேலே ஒரு காவல் உண்டு. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அட்டை மறைப்பு வைக்கும் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கும், ஜன்னலுக்கு வெளியே கங்காணி நம்பிராஜன் தன்னுடைய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பார். ஓட்டுப் போடுகிறவர்களின் பிடரியில் அவருடைய பார்வை ஊறிக்கொண்டே இருக்கும். போன தேர்தலில் ஞானதுரை கை தவறியோ மனசு தவறியோ வேறு சின்னத்தில் குத்திவிட்டான். அவனை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை வையவில்லை. தண்ணீர் லாரி அவன் வாசலில் மட்டும் நிற்காமல் போனது, அவ்வளவுதான். நாலாவது முறையும் அது ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போன அன்றைக்கு, ஞானதுரை காலிக் குடங்களைத் தோளில் கட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போனான். எங்கே போனான் என்று இன்றுவரை யாரும் சத்தமாகக் கேட்டதில்லை.

இந்தத் தடவை அந்த ஜன்னல் சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியது புரட்சியும் இல்லை, போராட்டமும் இல்லை. வாக்குச்சாவடி அதிகாரியாக வந்த வெளியூர் டீச்சருக்கு, உப்பின் வெளிச்சம் முகத்தில் அடித்து விடிந்ததும் விடியாததுமாக மண்டையிடி வந்துவிட்டது. கண் கூசுகிறது என்று சொல்லி அந்த அம்மாள் ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தி, கொக்கி இல்லாததால் பெட்டிக்கு அரக்கு வைப்பதற்காக வந்த நூல்கயிற்றில் மிச்சத்தை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டார். வெளியிலிருந்து நம்பிராஜன், "காத்து வரணும்லா டீச்சர்?" என்று கேட்டதற்கு, "ஃபேன் ஓடுது சார்" என்று பதில் வந்தது. நம்பிராஜன், சாத்திக் கிடந்த ஜன்னலைப் பார்த்தபடி நாள் முழுக்க அங்கேயே நின்றார். சாயங்காலம் கடைசி ஆளாகத் தன்னுடைய ஓட்டையும் போட்டுவிட்டுப் போய், "எல்லாம் கட்டில்தான் மொதலாளி, வழக்கம்போல பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு மட்டும் என்ன ஈரல்குலை இரும்பிலா செய்திருந்தது.

சந்தனமாரி உள்ளே போனபோது பிடரியில் பார்வை இல்லாததை முதலில் உணர்ந்தது அவளுடைய தோல்தான். கையில் முத்திரை, எதிரே சீட்டு, சீட்டில் கட்டிலும் குடையும். குடைச் சின்னத்தில் நின்றவள் மரியபுஷ்பம், இதே அளத்தில் உப்புச் சுமக்கிறவள், மத்தியானம் குந்திச் சோறு தின்ன ஒரு கொட்டகை போடச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மனுத் தாக்கல் செய்தவள். அவளுக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சந்தனமாரி வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தவள் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தவுடன் கை தானாகப் போய்விட்டது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து, புருஷன் கொம்பையாவிடம், "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னாள். அவன் நம்பித்தான் தலையாட்டினான், சத்தியம் செய்தவன் ஆயிற்றே.

அந்த நிழலுக்கு அர்த்தம் என்ன என்று ஊர் அதிகநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சந்தனமாரிக்கு வந்த அதே காலையில், மரியபுஷ்பம் தண்ணீர்த்தொட்டித் தெருவில் வட்ட நிழலைச் சுற்றிலும் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடந்து போனாள். தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொண்டவளுக்கு மறைக்க என்ன இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது, குடைக்குப் போட்டவர்களுக்குக் குடையின் நிழல் வந்திருக்கிறது. கட்டிலுக்குப் போட்டவர்களுக்குக் கட்டில் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், வந்திருந்தால் ஊரே பகலில் படுத்துத் தூங்கியிருக்கும். ஓட்டு எண்ண இன்னும் நாலு நாள் இருந்தது.

சந்தனமாரி அன்றைக்கு நின்ற இடத்தில் நிற்காமல் வேலை செய்தாள். ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டால் அந்த வட்டத்துக்குள் உப்பு பூக்காமல் ஈரமாகக் கிடந்தது, நிழலை மறைத்தாலும் அந்த ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஓடி ஓடி வாரினாள், வாரிய தடத்தைக் காலால் கலைத்தாள். கடைசியில் உப்புக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டு, முந்தானையைக் கிழித்துத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். யாராவது பார்த்தால் கூடையின் நிழல் என்று நினைத்துக்கொள்ளட்டும். பக்கத்துப் பாத்தியில் நின்ற மயினி ஒருத்தி, "என்ன பிள்ள, வேசம் கட்டுத?" என்று கேட்டாள். "தலவலி மயினி" என்றாள் சந்தனமாரி. மயினி கொஞ்சநேரம் அவளையே பார்த்துவிட்டுத் தன்னுடைய கூடையையும் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கும் ஒரு வாரமா தலவலிதான்" என்றாள்.

அதற்கு மறுநாள் அளத்தில் முப்பது பேருக்குத் தலைவலி வந்தது. அதற்கும் மறுநாள் அளத்தில் வேலை செய்கிற நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வந்தது. ஆணும் பெண்ணும் கவிழ்த்த கூடையோடு குனிந்து உப்பு வாரினார்கள், கூடை இல்லாதவர்கள் ஓலைப்பாயைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள், ஒருவன் எண்ணெய்ச் சட்டியை மாட்டிக்கொண்டு வந்து காது வெந்துபோனான். நிழல் வந்தவர்கள் அதை மறைப்பதற்காகக் கட்டினார்கள், அது தெரிந்த விஷயம். வராதவர்களும் ஏன் கட்டினார்கள் என்று சந்தனமாரி வெகுநேரம் யோசித்தாள். பிறகு புரிந்தது. பக்கத்தில் வேலை செய்கிறவளுக்கு நிழல் இருந்து தனக்கு இல்லாமல் போனால், மரியபுஷ்பத்துக்குப் போடாதவன் நீதானா என்று கூடவே பாடுபடுகிறவர்கள் பார்க்கும் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது. முதலாளிக்குப் பயந்தவர்களும் தோழர்களுக்குப் பயந்தவர்களும் ஒரே கூடைக்குள் தலையைக் கொடுத்தார்கள். அந்தக் கூடையைப் பற்றி ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை, சாப்பாட்டு வேளையில் யாருடைய காலடியையும் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொம்பையா வீட்டுக்கு வந்து தின்ன உட்கார்ந்தான். அவன் அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவன், சொல்லைக் கிள்ளிக் கிள்ளிச் செலவழிக்கிறவன்.

"மொதலாளி கார்ல போகும்போது மரியபுஷ்பத்தப் பாத்துட்டாவளாம்" என்றான். "நாளைக்கு உச்சிக்கு எல்லாரும் தட்டுமேட்டுக்கு வரணுமாம். தலையில கூடை, துணி ஒண்ணும் இருக்கப்படாதாம்."

சந்தனமாரியின் கையிலிருந்த அகப்பை குழம்புக்குள் விழுந்தது.

"நான் சத்தியம் பண்ணுனவன் பிள்ள" என்றான் கொம்பையா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு ஓட்டும் கட்டிலுக்குன்னு அடிச்சு அணைச்சவன்."

"தெரியும்."

"நான் கட்டிலுக்குத்தான் போட்டேன்."

"அதுவும் தெரியும்" என்றாள் அவள். மோட்டார் கொட்டகையை விட்டு அவன் வெளியே வரும்போதெல்லாம் அவன்மேல் வெயில் விழுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

 சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து, டிரம்மிலிருந்த தண்ணீரைக் குடங்களிலும், பிறகு சட்டி பானைகளிலும், பிறகு மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பாட்டிலிலும் ஊற்றி நிரப்பி வைத்தாள். நாளையிலிருந்து லாரி நிற்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டிய மகளையும் காலிக் குடங்களையும் கூட்டிக்கொண்டு எந்தச் சாலையில் நடப்பது என்று நினைத்தபோது பாட்டில் நிரம்பி வழிந்து தண்ணீர் தரையில் சிந்தியது. கொம்பையா அதைப் பார்த்தான். எதற்கு நிரப்புகிறாய் என்று கேட்காமல் எழுந்து போய், மச்சில் கிடந்த அவனுடைய கல்யாண அண்டாவை இறக்கித் துடைத்து அதையும் நிரப்பினான்.

தட்டுமேடு என்பது வாரிய உப்பைக் குவித்து வைக்கும் இடம். மறுநாள் உச்சிவேளையில் அந்த உப்புக் குவியலுக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு பேரும் வெறுந்தலையோடு வரிசையாக நின்றார்கள். முதலாளியின் கார் தூரத்தில், ரோட்டோரமாக ஏ.சி. ஓடிக்கொண்டே நின்றது. அங்கிருந்து பார்த்தால் இங்கே என்ன தெரியும், உப்பின் வெளிச்சமும் கானலும் சேர்ந்து கால்களையெல்லாம் கரைத்துவிடும். அதனால்தான் நம்பிராஜனை முன்னால் அனுப்பியிருந்தார்.

பயத்தில் எல்லோரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எது யாருடையது என்று சொல்ல முடியாமல் கிடந்தது. நம்பிராஜன் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "ஒரு கை தூரம் விட்டு நில்லுங்க" என்றார். குரல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. வரிசை விரிந்தது. விரிய விரிய, அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள் தனித்தனியே கழன்று விழுந்தன. சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது பக்கத்தில் கொம்பையா ஒரு கை தூரத்தில் இல்லை. அவன் வலது காலைத் தூக்கி அவளுடைய நிழலுக்குள் வைத்தான், பிறகு இடது காலையும் எடுத்து வைத்து, ஆள் முழுக்க உள்ளே வந்துவிட்டான். அவன் உடம்பின் சூடு அவள்மேல் பட்டது.

நம்பிராஜன் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். "யாருது இது?"

"என்னுது அண்ணாச்சி" என்றான் கொம்பையா.

"நீ சத்தியம் பண்ணுனவம்லாடே."

"பொய்ச் சத்தியம். எழுதிக்கிடுங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவுக சொல்லுதது பொய்யி" என்றாள் சந்தனமாரி. பல் கிட்டித்துப்போய் வார்த்தை கோணலாக வந்தது. "எனக்குத்தான் அண்ணாச்சி. என்னுதுதான்."

ஆளைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. நம்பிராஜன் குடையை மடக்கி, அதன் முனையை இருவருக்கும் நடுவே நுழைத்து விலக்கினார்.

குடை மடங்கிய பிறகும் அவருடைய காலடியில் வட்ட நிழல் அப்படியே கிடந்தது.

அளத்திலேயே குடை பிடிக்கிற ஒரே ஆள் அவர். வெயில் ஏறுமுன் விரித்தால் வெயில் இறங்கிய பிறகு மடக்குகிறவர். அதனால் இந்த மூன்று நாளில் அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. இப்போது உச்சந்தலையில் வெயில் படாததை அவர் உணர்வதையும், மேலே பார்ப்பதையும், குனிந்து பார்ப்பதையும், முகம் சாம்பல் பூப்பதையும் சந்தனமாரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபது வருடமாக அவள் பிடரியில் ஊறிய கண்கள் இப்போது நேருக்கு நேர் அவளைப் பார்த்தன. மூன்று நாளாக அவளை அளம் முழுக்க ஓட வைத்த அதே பயம் அந்தக் கண்களில் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்த அன்றைக்கு, சாயங்காலம் கடைசி ஆளாக, இந்த மனுஷனுக்கும் கை தானாகப் போயிருக்கிறது.

"என்னல அங்க?" கார்க் கண்ணாடியை இறக்கி முதலாளி கத்தினார். "எத்தன உருப்படி?"

நம்பிராஜன் குடையை விரித்தார். அவசரத்தில் கம்பி இரண்டு தடவை நழுவியது.

"மரியபுஷ்பத்தத் தவிர ஒண்ணும் இல்ல மொதலாளி! எல்லாம் சுத்தம்!"

 ஆனால் முதலாளி என்பவர் ஒருவன் சொன்னதை இன்னொரு தடவை தானே பார்க்கிறவர், அதனால்தான் அவர் முதலாளி. கார்க் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி, உப்பு நெரிபட நடந்து வந்து, "குடையப் பிடில" என்றார்.

நம்பிராஜன் பிடித்தார். இருவரும் வரிசையின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். முதலாளி ஒவ்வொருவர் காலடியையும் குனிந்து பார்த்தார். ஒவ்வொருவர் காலடியிலும் நிழல் இருந்தது, அந்த நிழல் அவரோடு கூடவே வந்தது, அவர் தாண்டியதும் தாண்டியது. ஆள் மாறினாலும் குடைபிடிக்கிறவன் மாறவில்லையே, இதில் எது எவனுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும். தாண்டி வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால் கானல். சந்தனமாரியின் முன்னால் வந்தபோது அவர் நின்றுவிட்டார்.

"குடைய மடக்கு. இந்த நிழல்ல ஒரு எழவும் தெரியல."

 நம்பிராஜன் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

"வெயிலு மொதலாளிக்கு ஆகாதே" என்றார். "போன மாசம் இதே எடத்துலதான மயங்கி விழுந்தீய. டாக்டரு என்ன சொன்னாவ?"

முதலாளி வானத்தைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார், துடைக்க வேர்வை இல்லாததில் அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"நல்ல குடையா இருக்கேடே" என்றார். "எங்க வாங்குன? குளுகுளுன்னு இருக்கு."

"பழைய குடை மொதலாளி."

"எனக்கும் ஒண்ணு இதே மாதிரி வாங்கு" என்று சொல்லிவிட்டு அவர் காருக்கு நடந்தார். நம்பிராஜன் கதவு வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனார்.

ஓட்டு எண்ணியபோது பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் மரியபுஷ்பம் தோற்றாள். கட்டில்தான் ஜெயித்தது. ஊர் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்வதுபோல நிழலுக்கும் பழகிக்கொண்டது, அது யாரையும் விட்டுப் போகவுமில்லை. கூடைகளும் தலையை விட்டு இறங்கவில்லை, முதலாளி அதை ஏதோ புதுப் பழக்கம் என்று விட்டுவிட்டார். தண்ணீர் லாரி மரியபுஷ்பத்தின் வாசலில் மட்டும் நிற்காமல் போக ஆரம்பித்தது. ஆனால் லாரி வந்துபோன ஒவ்வொரு நாளும், அவள் வேலை முடிந்து திரும்பும்போது கொல்லைக் கதவுக்குப் பின்னால் குடங்கள் நிறைந்திருந்தன. ஊற்றியவர்களுக்கு நிழல் உண்டா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. ஞானதுரைக்கு இதைச் செய்யாமல் போனோமே என்று சந்தனமாரி குடம் சுமக்கும்போதெல்லாம் நினைத்தாள், அந்த நினைப்பு அவளுக்கு எளிதாக இருக்கவில்லை. மத்தியானம் சோற்றுவாளியோடு நிழல் இல்லாதவர்கள் நிழல் இருக்கிறவர்களின் பக்கத்தில் வந்து, தற்செயலாக வந்ததுபோல உட்கார்ந்துகொண்டார்கள். கொம்பையா தன் பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஐந்து வருடம் கழித்து மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். அன்றைக்கே பழைய பயமும் ஊருக்குள் வந்து சேர்ந்தது. கோயில் வாசலில் கற்பூரத்துக்கு ஏற்பாடு நடந்தது. இந்தத் தடவை எந்த டீச்சர் வருவாரோ, அவருக்குத் தலை வலிக்குமோ வலிக்காதோ என்று சந்தனமாரி இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அவள் பாத்தி வரப்பில் சோற்றுவாளியைத் திறந்தபோது நம்பிராஜன் வந்து, மூன்றடி தள்ளி, எங்கோ பார்த்தபடி நின்றார். அந்த உச்சிவேளைக்குப் பிறகு அவர் அவளிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை, வெட்டவெளியில் அந்தக் குடையை ஒருமுறைகூட மடக்கியதும் இல்லை.

"பள்ளிக்கூடத்து ஜன்னல நேத்து சரி பண்ணுனேன்" என்றார்.

சந்தனமாரியின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது.

"கொக்கி போட்டிருக்கேன்" என்றார் நம்பிராஜன். "உள்பக்கமா."